கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு

திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஷேக் தாவூது குடை பழுது பார்த்து வந்தார். அவர் வீட்டு மாடி அறையில் தங்கித்தான் நான் 1939இல் பி.ஏ. முடித்தேன். எங்கள் மருங்காபுரிப் பக்கத்துக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதை என்னைவிட அவர்தான் அதிகம் சொல்லிக்கொள்வார். குடை கொண்டு வருகிறவர்கள் பாடு திண்டாட்டம்.

நான் படிப்பை முடிப்பதற்கு முந்தைய ஆடியில் அவர் மனைவி வஹீதாவுக்கு விஷக் காய்ச்சல். இருபத்தோரு நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கியது; ஆனால் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அந்த அம்மாள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தே படுத்துக்கிடந்தார். கஞ்சி இறங்கவில்லை. விரால் சாறு கொடுக்காவிட்டால் உடம்பு தேறாது என்று யுனானி வைத்தியம் பார்க்கும் ஹக்கீம் சொல்லிவிட்டார். கடைவீதியில் வாங்கிவந்த விராலை வஹீதா முகர்ந்துவிட்டு, "செத்து எத்தனை நாளோ" என்று தள்ளிவிட்டார்.

"உசுரோட புடிச்சிட்டு வரேன். அப்பக் குடிப்பியா?"

"பாப்போம்."

அந்த ஒரு சொல்லுக்காகத் தாவூது பாய் தினமும் விடியலில் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குப் போனார்; பானை தூக்க நானும் கூடப் போனேன். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி உருட்டி, பின்னால் சேவல் இறகு கட்டுவார். சுண்டி இழுத்தால் குஞ்சு மீன் துள்ளுவதுபோல இருக்கும். சித்திரையில் தெளிந்த தண்ணீரில் வெள்ளை இறகுக்கு விரால்கள் பாய்ந்தன. இப்போதோ புதுத்தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்திருந்தது. நான்கு நாள் வெறுங்கை. ஈயத்தைக் கூட்டினால் பாசியில் புதைந்தது. குறைத்தால் இழுப்பில் அடித்துக்கொண்டு போனது. கடுகு அளவு கூட்டிக் குறைத்து எடையைச் சரிசெய்தார். நிறம்தான் பிடிபடவில்லை.

"தம்பி, கலங்கல்ல வெள்ளை தெரியாது. கறுப்புதான் நெழல் மாதிரி தெரியும்" என்று குடைத்துணியை நறுக்கிக் கட்டினார். நனைந்ததும் அது விறைத்துக்கொண்டது.

"செத்த கரப்பான்பூச்சி மாதிரி இருக்குங்க பாய்" என்றேன்.

"படிச்சவங்களுக்கு வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல."

ஐந்தாம் நாள் வேறு ஏதோ கறுப்பாகக் கட்டிக்கொண்டு வந்தார். வெயில் ஏறுவதற்குள் இரண்டு விரால்! பானைத் தண்ணீரில் துள்ளத் துள்ளத் தூக்கி வந்தோம். அவரே அடுப்படியில் உட்கார்ந்து மிளகு தட்டிச் சாறு வைத்தார். மாடிப்படியில் இருந்த என் காதுக்கு உள்ளே பேசியது கேட்டது.

"எதுலங்க புடிச்சீங்க?"

பாய்க்குப் பொய் சொல்ல வராது. "மாடத்துல துணியில முடிஞ்சு வச்சிருந்தியே... அதுல ஒரு கத்தை."

அந்த அம்மாள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"மண்ணுல பொதைக்க வச்சிருந்த முடிங்க அது! அதைக் கொண்டுபோய் மீன் வாயிலயா குடுத்தீங்க? ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"தோணுச்சு. முடின்னு பேச்சு எடுத்தாலே அழுவுற. எப்படிக் கேக்குறது?"

அவர்கள் வீட்டில் உதிர்ந்த முடியைத் தெருவில் விட மாட்டார்கள். மண்ணுக்குள் சேர்ப்பதுதான் மரியாதை. அது தெரிந்தே செய்த தப்பு. இனி அந்த அம்மாள் சாற்றைத் தொடமாட்டார் என்றே நினைத்தேன்.

"எடுங்க அந்த முள்ளை. பாக்கணும்."

முள் குத்தாமல் உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருப்பார் போல.

"இவ்வளவு கறுப்பாவா இருந்துச்சு என் முடி?"

"இப்பவும் அப்படித்தான் இருக்கு. நீதான் பாக்க மாட்டேங்குற."

"பொய்."

"பொய் சொல்லணும்னா மீன் விஷயத்துலயே சொல்லியிருக்க மாட்டேனா?"

அதற்கு ஒரு சிரிப்பு கேட்டது. இருமலோடு கலந்த சின்னச் சிரிப்பு.

"அவுத்துக் குடுங்க. நானே பொதைச்சுக்கிறேன். இனிமே ஆட்டு முடி வாங்கிக் கட்டுங்க."

"அதுக்கு மீன் வரலைன்னா?"

"அப்ப என்கிட்ட கேளுங்க. முதல்ல சாறை ஊத்துங்க, ஆறுது."