ஜாகா பெயர்த்த கொண்டி

உலர்ந்த தேங்காய் மட்டையைச் சிமெண்டுத் தரையில் வைத்துத் தேய்த்தால் எழுகிற சத்தத்தைப் போல ஓர் இருமல், அதன் முடிவில் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல ஒரு கக்கல். கிள்ளானில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டின் சமையலறையான "குசினி"க்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்த ஆண்டுக் கடைசியை நினைத்தால், எனக்குக் கண்ணுக்கு முந்திக் காது விழித்துக்கொள்கிறது. இருமியது மனிதர் இல்லை. ஜாகா என்ற நாய்.

அப்பா லோரி ஓட்டினார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி, சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் இறக்குவது அவருடைய வாடிக்கையான ஓட்டம். அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டபோது, வாசலில் காவல் இருந்த பெரியவர் தம் மகன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார், அவரோடு காவல் கிடந்த பழுப்பு நாயைக் கேட்பாரில்லை. காவல்காரரை இங்கே "ஜாகா" என்பார்கள், அந்தப் பட்டம் அவர்கள் இருவருக்குமே பொதுவாக இருந்தது. உன்னைக் கண்டால்தான் அவன் வால் ஆட்டுகிறான், நீயே கொண்டு போ தம்பி என்று பெரியவர் சொன்னாராம். அப்பா முன் இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இறங்கிய நாய் பத்தடி நடந்து படுத்துவிட்டது. விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன, வயிறு மட்டும் உப்பியிருந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தார். "லோரியில சாமான் ஏத்துவீங்கன்னு தெரியும். சீக்கையும் ஏத்துவீங்கன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், சோற்றில் மீன் சாறு ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்து வைத்தார். அம்மாவின் பேச்சு ஒரு பக்கம் போகும், கை வேறு பக்கம் போகும்.

டவுனில் இருந்த சீன டாக்டரம்மா இரத்தத்தைச் சோதித்துவிட்டு, நெஞ்சில் புழு என்றார். கொசுக் கடியால் வருவதாம், சேமியாவைப் போல நீள நீளமாக இருதயத்துக்குள் கிடக்குமாம். பக்கத்து வீட்டு மேரி ஆன்டி அதை நம்பவே இல்லை. மாம்பழத்தில் புழு பார்த்திருக்கிறேன், கத்தரிக்காயில் பார்த்திருக்கிறேன், நெஞ்சில் எப்படிலா புழு வரும் என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருந்து இருந்தது, ஆனால் அந்த மருந்துதான் பயமாக இருந்தது. முதலில் ஓர் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாளில் இரண்டு ஊசி. புழு செத்துத் துண்டு துண்டாகி இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும். அது கரைகிற வரைக்கும் நாய் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, நெஞ்சு வேகமாக அடித்தால் அடைத்துக்கொள்ளும், கடைசி ஊசிக்குப் பிறகு வரும் நாள்கள்தான் மிகவும் ஆபத்தானவை. டாக்டரம்மா மலாய் மொழியில் நிதானமாக விளக்கிய இதையெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்து ஒரே வரியில் தமிழாக்கினார்.

"இவன் சந்தோஷப்படக் கூடாதாம்."

துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த, சரக்கு அடுக்கும் பேலட் பலகைகளை அடித்து, துணி துவைக்கும் இடத்தில் அப்பா ஓர் அடைப்புச் செய்தார், அதற்கு ஒரு கதவும், கதவுக்கு ஒரு கொண்டியும் வைத்தார். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்குக் கொண்டிதான் வேலை. சோறு வைத்தால் கொண்டி, கூட்டிப் பெருக்கினால் கொண்டி, மூத்திரத்துக்குச் சங்கிலியில் கட்டி மெல்ல நடத்திவிட்டு வந்தால் கொண்டி. நான் பின்னாலிருந்து "குசினி"க்குள் நுழைந்தால், சாப்பிட்டாயா படித்தாயா என்றெல்லாம் அம்மா கேட்க மாட்டார், "கொண்டி?" என்று ஒரே சொல்தான். "போட்டேன்மா" என்பேன்.

ஒரு நாயைச் சந்தோஷப்படுத்தாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினோம். முகத்தைப் பார்க்காமல் தட்டை வைத்தோம். நான் அடைப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாடம் எழுதுவேன். அப்படியும் வால் பலகையில் தட்டுகிற சத்தம் கேட்கும், உடனே எழுந்து போய்விடுவேன். தெரு முனையில் திரும்பும்போதே இரண்டு தடவை ஹாரன் அடித்து வருகையைச் சொல்வது அப்பாவின் வழக்கம். அதையும் விட்டுவிட்டு, பெரிய சாலையிலேயே லோரியை நிறுத்தி, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்தார். புது மருமகள் மாதிரி எல்லாரும் பதுங்கிப் பதுங்கி நடக்கிறோம் என்று அம்மா சிரித்தார், அந்தச் சிரிப்பையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார். மாலை ஜெபத்தில் ஜாகாவின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, "இந்த வீட்டில் இருக்கிற எல்லாச் சீவனுக்கும்" என்று மட்டும் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்.

இருமல் குறைந்தது. கடைசி இரண்டு ஊசியும் போட்டாயிற்று. அதே வாரக் கடைசியில் அப்பா குவாந்தானுக்குச் சரக்குக் கொண்டுபோனார், இரண்டு நாளில் திரும்ப வேண்டியவர். மழைக்காலம். கிழக்குக் கரையில் சாலைகளில் வெள்ளம் ஏறிவிட்டது, அவருடைய கைப்பேசி அடங்கிப்போனது. மூன்றாம் நாள் செய்தி இல்லை. நான்காம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் அம்மா சமைக்கவில்லை. மேரி ஆன்டி கொண்டுவந்த தேநீர் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது, அம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மாலை நான்கு மணி இருக்கும். நான் ஜாகாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். தெரு முனையில் லோரியின் சத்தம். ஆயிரம் லோரி ஓடினாலும் எங்கள் லோரியின் இழுப்பு எனக்குத் தெரியும். "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கொண்டி போடவில்லை. "குசினி"யைத் தாண்டுவதற்குள் ஜாகா என் காலை இடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனான். அதற்குப் பிறகுதான் அப்பா, ஐந்து நாள் அலைச்சலில் எல்லாம் மறந்து, வாசலுக்கே லோரியைக் கொண்டுவந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

ஜாகா பின்னங்காலில் எழுந்து கம்பிக் கதவில் முன்னங்கால்களை வைத்து நின்றான். அவ்வளவு உயரமானவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா கம்பிக்குள் கையை விட்டு அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார், அம்மா அழுதுகொண்டே சிரித்தார், ஒரு மாதத்துக்கு மேலாக அடக்கி வைத்திருந்த சந்தோஷத்தை ஒரு நிமிடம் எல்லாரும் வாய்விட்டு அனுபவித்தோம். பிறகு அவன் கீழே இறங்கி, இருமி, பக்கவாட்டில் சாய்ந்தான். வாயில் நுரை வந்தது. நுரை சிவப்பாக இருந்தது.

அப்பாவும் அம்மாவும் அவனை லோரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். மேரி ஆன்டி என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான் பின்னால் போனேன். அடைப்பின் கதவு திறந்து கிடந்தது. அம்மா வந்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் குறடு சன்னலிலேயே இருந்தது. கொண்டியின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், கொண்டியைத் தரையில் வைத்து மிதித்து வளைத்தேன்.

அவர்கள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே அவன் செத்துவிட்டான். ஒரு சாக்கில் சுற்றி எடுத்து வந்தார்கள். அம்மா என்னைப் பார்த்து அந்த ஒரு சொல்லைக் கேட்டார். "போட்டேன்மா" என்றேன். அப்பா பின்னால் போய்க் கொண்டியை எடுத்து, வெகுநேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஹாரன் அடிச்சிருக்கக் கூடாது" என்றார். பிறகு, "எவ்வளவு ஆசை இருந்தா இதப் பேத்துக்கிட்டு வந்திருப்பான்" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா எங்கள் தெருவில் ஹாரன் அடிக்கவே இல்லை. ஆனால் அந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடும் இல்லை, துக்க வீடும் இல்லை. நாய் என்று யாராவது பேச்சை எடுத்தால் போதும், எனக்காகக் கொண்டியையே பெயர்த்துக்கொண்டு வந்தவன் என்று ஆரம்பித்து, நான்தான் கொன்றேன் என்று முடிப்பார். நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன்.

இன்று நான் பூச்சோங்கில் இருக்கிறேன். போன கிறிஸ்துமஸ் மதியம் என் மகள் நாய் வேண்டும் என்று அடம்பிடித்தாள். அப்பா கதையைச் சொன்னார். "தாத்தாதான் அதக் கொன்னீங்களா?" என்று அவள் கேட்க, அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அவர் அப்படித் தலையாட்டியதை என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, கஞ்சியிலிருந்து குறடு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேலிருந்த பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தார்.

"அப்ப அவன் பேத்துக்கிட்டு வரலயா?" என்றார்.

கிள்ளான் வீட்டை விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் பின்னால் கூரை போட்டு அறையாக்கியிருக்கிறார்கள். லோரி பழைய இரும்புக்குப் போனது. அம்மாவும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வருகிறார்கள். இப்போதும் கதவுக்கு வெளியே நின்று ஹாரன் அடிக்காமல் அப்பா போனில்தான் கூப்பிடுகிறார். போன வாரம் என் மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, ஜாகா கதை சொல்லுங்கள் தாத்தா என்றாள். நான் "குசினி"யில் கையை ஈரத்தோடு நிறுத்திக் காதைக் கொடுத்தேன்.

"அது சும்மா ஒரு நாய்மா" என்றார் அப்பா. "சீக்கு வந்து செத்துப் போச்சு."