மிதி லேசான மர்மம்

ராய் ஓர்மராட் பிரஸ்டன் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே ஒழிய அந்தப் பார்வையை விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாக யோசிப்பார். தோட்டத்து மண்வெட்டி வரைக்கும் தன் பொருள் எல்லாவற்றிலும் ஆர்.ஓ. என்று ஆணியால் கீறி வைத்திருந்தார். இரவல் வாங்கிப் போகிறவர்கள் சொந்தம் கொண்டாடிவிடக் கூடாதல்லவா.

உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒன்று கராஜில் நின்றது. பச்சை நிறம், இரண்டே இருக்கை, மடக்கு கூரை. அந்த ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் இப்போது ஆபத்து. இலையுதிர் காலத்தில் கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரத்தில் சருகு அள்ளப் போய் ஏணியிலிருந்து விழுந்தார். அன்றிலிருந்து மனைவி டோரின் அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏப்ரல்ல கார் கிளப்காரங்களோட மலைப்பாதையில ஓட்டிட்டு வா. முடிஞ்சா காரை வெச்சுக்கோ. முடியலன்னா வித்துடணும், ராய்."

"என் காலுக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கு."

நல்லா இல்லை. மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டிய படத்தைச் சரிசெய்வது போல் நின்று மூச்சு வாங்குவார். படம் எப்போதும் நேராகத்தான் இருந்தது.

பிப்ரவரியில், இடது காலால் மிதிக்கும் கிளட்ச் ஒழுக ஆரம்பித்தது. மிதியை அழுத்தினால் குழாய் வழியே எண்ணெய் போய் ஒரு சிறிய சிலிண்டரைத் தள்ள வேண்டும். இந்தக் காரைக் கட்டியவர்கள் அந்தச் சிலிண்டரைக் கியர்பாக்ஸின் வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் கியர்பாக்ஸ் முழுவதையும் இறக்கியாக வேண்டும். அதனால் இறக்கும் கையோடு அந்த உள் சிலிண்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, வெளியே பொருத்தும் சிலிண்டருக்கு மாற்றிவிடுவது என்று ராய் முடிவெடுத்தார். புதிதாக ஒன்றை வரவழைத்தார். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக அதிலும் ஆர்.ஓ. கீறினார்.

ஒற்றை ஆளாக கியர்பாக்ஸைத் தூக்க முடியாது. எதிர்வீட்டு வில்ஃப் காட்டரல் வந்தார். பால் லாரிகளைப் பழுதுபார்த்து ஓய்ந்தவர். பல வருடங்களாக அந்தக் காரைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரே வாசகம்தான் சொல்வார்: "விக்கிறதா இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லு." எல்லோரும் சிரிப்பார்கள். ராய் மட்டும் சிரித்ததில்லை.

கியர்பாக்ஸ் இறங்கியது, ஏறியது. புதுச் சிலிண்டர் வெளியே உட்கார்ந்தது. குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி. அதற்கு இரண்டு பேர் இருந்தால் சுலபம். ராய் இருக்கையில், வில்ஃப் காருக்கு அடியில்.

"அழுத்து."

அழுத்தினார்.

"புடிச்சிரு. விட்டுறாத. புடிச்சிருன்னா புடிச்சிருய்யா."

"புடிச்சிட்டுத்தான்யா இருக்கேன். நீ அங்க தூங்குறியா?"

கீழே ஒரு திருகு இறுகும் சத்தம் கேட்டது. பிறகு வில்ஃப் வெளியே நகர்ந்து வந்து, ராயின் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்தார். "காத்து இன்னும் நிக்குது. வீட்டுலேர்ந்து ஒரு ஸ்பானர் எடுத்துட்டு வரேன். நீ போயி டீ போடு. டீ மட்டும் போதாது, ரெண்டு பன்னுல பேக்கன் வெச்சுக் கொண்டா. நல்லா முறுகலா இருக்கணும்."

பன்றி இறைச்சித் துண்டை முறுகலாக வறுக்க நேரமாகும் என்பது ராய்க்கு அடுப்பின் முன் நிற்கும்போதுதான் உறைத்தது. தட்டோடு திரும்பியபோது வில்ஃப் எதையோ துணியில் சுற்றிப் பைக்குள் தள்ளுவதைப் பார்த்தார்.

"என்னது அது?"

"அழுக்குத் துணி. காத்த நானே வெளியேத்திட்டேன், இப்ப உக்காந்து அழுத்திப் பாரு."

மிதி வெண்ணெயாக இறங்கியது. தெருவைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டினார். கியர்கள் சத்தமில்லாமல் விழுந்தன, கால் வலிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ராய் சந்தேகப்பட்டார். இருபது வருடம் கனமாக இருந்த மிதி எப்படி லேசாகும்? முன்பைவிடத் தரைக்குப் பக்கத்தில் போய்த்தானே பிடிக்கிறது? மலைப்பாதையில் நட்டநடுவில் காலை வாரிவிடும்படி வில்ஃப் ஏதோ செய்திருக்கிறான். அப்புறம் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். மறுநாளிலிருந்து வில்ஃபுக்கு டீ மட்டும்தான், பிஸ்கட் கிடையாது.

சனிக்கிழமை இரவல் ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க வில்ஃபின் கராஜுக்குப் போனார். அலமாரியில் பழைய பாகங்களுக்கு நடுவே புதுச் சிலிண்டர் ஒன்று பளபளத்தது. எடுத்துத் திருப்பினார். ஆர்.ஓ.

"திருட்டுப் பயலே," என்றார் ராய். "என் பொருள எடுத்துக்கிட்டு எந்தக் குப்பைய என் கார்ல மாட்டுன?"

வில்ஃப் மறைக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். ராய் உட்காரவில்லை.

"அதவிடப் பெரிய சிலிண்டரு. உள்ள புது ரப்பர் போட்டுத்தான் வெச்சிருந்தேன். பெருசா போட்டா மிதி லேசாயிடும், கொஞ்சம் ஆழத்துல புடிக்கும், அவ்வளவுதான். கியரு கச்சிதமா விழுதான்னு பாத்துட்டுத்தான் உங்கிட்ட விட்டேன்."

"நான் கேட்டேனா?"

"நீ கேப்பியா?" வில்ஃப் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார். "புடிச்சிருன்னு சொன்னப்ப நான் கீழ படுத்திருந்தேன். நீ மேல என்ன மூஞ்சி வெச்சிருந்தியோ தெரியாது. கீழ சிலிண்டரு தள்ளுற தண்டு நடுங்கிட்டே இருந்துச்சு, ராய். உன் காலு அதுல அப்படியே தெரிஞ்சுது."

ராய் சிலிண்டரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காரு எனக்கு வேணும்னா நான் ஒண்ணுமே பண்ணியிருக்க வேணாமே. அந்த மிதிய அப்படியே விட்டிருந்தா ஏப்ரல்ல நீயே சாவிய நீட்டியிருப்ப."

அந்தக் கணக்கு சரியாக இருந்தது. எத்தனையோ பயணிகளின் முகத்தில் பொய்யைக் கண்டுபிடித்தவருக்கு இந்த முகத்தில் ஒன்றும் அகப்படவில்லை. அவமானமாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார், இடது காலைக் கையால் தூக்கி முன்னால் வைத்தார். அடுத்தவர் பார்க்க அதைச் செய்தது அதுதான் முதல் தடவை.

"டோரின்கிட்ட சொல்லிட்டியா?"

"மிதியப் பத்தியா? அவளுக்கு என்ன புரியும் அதுல."

சிலிண்டரை ராய் அலமாரியிலேயே வைத்தார். வாசல் வரை போய் நின்றார்.

"நாளைக்கு வா. பிஸ்கட் இருக்கு."

"ஏன், விக்கப் போறியா?"

"இந்த வருஷம் இல்ல," என்றார் ராய். "விக்கிற அன்னிக்கு மொதல்ல உங்கிட்ட சொல்றேன்."