பெயர் சொல்லிக் கூப்பிட்ட மத்தியானம்

என் கணவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவேனே தவிர வாயைத் திறக்க மாட்டேன். அவருடையது முருகனின் பெயர்களில் ஒன்று. அதனால் கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து போற்றி சொல்லும்போது அந்த ஒரு போற்றிக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வேன். சாமி அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் அவருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுக்காரர்கள் சேலம், அடுத்த வீடு தஞ்சாவூர், எதிர்வீடு மதுரை. யார் வீட்டுக் குழம்பு சரியான குழம்பு என்கிற சண்டை மட்டும் தீராது. தலைப்பிரசவத்துக்கு என்னை ஊருக்கு அழைத்துப்போக அடுத்த வாரம் அம்மா வருவதாக இருந்தது. ஆனால் என் மகளுக்கு அன்றைக்கே பொறுமை கிடையாது. மூன்று வாரம் முன்னதாகவே புறப்பட்டுவிட்டாள்.

அவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். சேலத்து அக்காதான் ஆட்டோ பிடித்து என்னைப் பக்கத்திலிருந்த சின்ன பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சேர்த்ததும் அவர்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றேன். பிரசவ அறையில் கத்தினால் திட்டுவார்கள், காது கூசுகிற மாதிரி கேட்பார்கள் என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் சொல்லிவைத்திருந்தார்கள்.

உள்ளே இருந்த சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, பல்லைக் கடிச்சுகினு கீறே? வலிச்சா கத்து. கத்துறதுக்கு இங்க இன்னா வரியா போடறாங்க?"

அவ்வளவுதான், கட்டடம் அதிர அலறினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆவடிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகள் சுலபமாக வரவில்லை. கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்துப் பிறந்தாள். அவள் அழுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் எல்லாச் சாமிக்கும் மொட்டை வேண்டிக்கொண்டேன். ஒருவழியாக அழுதாள். அப்பாடா என்று கண்ணை மூடப் போனபோதுதான் டாக்டரம்மாவின் குரல் மாறியது. எனக்கு ரத்தம் நிற்கவில்லை.

பட்டணத்திலிருந்து ரத்தம் வந்தாக வேண்டும். தகவல் கேட்டு ஓடிவந்த என் கணவரின் தொழிற்சாலை நண்பர்கள் இரண்டு பேர் ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். அவர்களோடு வந்த என் கணவரை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா கால்மாட்டில் தன் வேலையை நிறுத்தவே இல்லை. எனக்குப் பாதம் சில்லிட்டது. மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. தூக்கம் வந்தது. அத்தனை சுகமான தூக்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டினார். "ஏய், கண்ணைத் தொற. உன் ஊட்டுக்காரர் பேர் இன்னா?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாம நான் இன்னான்னு எழுதறது? சரி, ஜாடையாவது காட்டு."

"மலை மேல இருக்கிற சாமி பேரு."

"ஏழுமலையா?"

"அது இல்ல. கையில வேல் வச்சிருப்பாவ."

"வேலா? அய்யனாரா?"

"அது அரிவா!"

"அட ஆமா. அப்ப எதுல ஏறிகினு வருவாரு?"

"பறவை மேல."

"காக்காவா? சனீஸ்வரனா?"

சாகக் கிடந்தவளுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "எங்க வீட்டுக்காரவியளச் சனியன்னா சொல்லுதீய?" என்று தலையைத் தூக்கிவிட்டேன். "அதானே பார்த்தேன்" என்று தலையை மெதுவாக அமுக்கிப் படுக்கவைத்தார். ஆனால் விடவில்லை. மயில் என்று நான் சொன்ன பிறகும் முருகனுக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் சொன்னார், சரியானதை மட்டும் விட்டுவிட்டு. இந்த ஊரில் ஒரு நர்சுக்கு இது தெரியாதா என்று எரிச்சல் பொங்கியது. சொல்லித் தொலைத்தால்தான் இந்த அம்மாள் என்னைத் தூங்க விடுவாள் என்று தோன்றிவிட்டது.

சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"காதுல உழல. இன்னும் சத்தமா."

மறுபடி சொன்னேன்.

"ஊஹூம். வராந்தா வரைக்கும் கேக்கணும்."

கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேன். நடுவில் கொஞ்ச நேரம் என்ன ஆனது என்று நினைவில்லை. கன்னத்தில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. "எங்க, பேரச் சொல்லு!" என்ற அவர் குரலில் விளையாட்டு இல்லை. மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன். ஐஸ் பெட்டி வந்து, ரத்தம் ஏற ஆரம்பித்த பிறகுதான் "போதும் தாயீ, உன் ஊட்டுக்காரர் பேர் ஆவடி பூராத்துக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அதற்குப் பிறகு பத்து நாள் அங்கே கிடந்தேன். கண்ணை மூடினால் திறக்க மாட்டேனோ என்று பயம். எத்தனை பேர் எத்தனை சொன்னாலும் தூக்கம் கிட்டே வரவில்லை. சிஸ்டர் தன் வேலை முடிந்ததும் என் கட்டில் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சிக்குப் பிடித்த என் தலையை வாரிக்கொண்டே, "இப்ப தூங்கு, நான் கீறேன்ல" என்பார். தூங்கிவிடுவேன். துணி மாற்றும்போது ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கத் தெரியாமல் நான் அழுதபோது, "அவளுக்கும் இது மொதோ தபாதான், ரெண்டு பேரும் சேந்து கத்துக்கோங்க" என்றார். திருமழிசைக்கு அந்தப் பக்கம் வயல் வேலை செய்த குடும்பத்தில் அவர்தான் முதலில் படித்தவர் என்பதை அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்துகொண்டேன். பெற்ற தாய் ஊரிலிருந்து வந்து சேரும்வரை எனக்குத் தாய் அவர்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

வீட்டுக்குப் புறப்படுகிற அன்று கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில் என் பெயர். அடுத்த வரியில் கணவர் பெயர். சிஸ்டரின் கையெழுத்து. சேலத்து அக்கா சொல்லச் சொல்ல முதல் நாள் எழுதியது.

"தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"தெரிலன்னா எப்டிம்மா அத்தினியும் தப்பா சொல்றது? ஒண்ணாவது சரியா உழுந்துருக்குமே!"

சிரித்த சிரிப்பில் தையல் வலித்தது.

தொண்ணூறுகளில் ஆவடிக்குப் பக்கத்திலேயே கோவில்பதாகையில் சொந்த வீடு கட்டிக் குடிவந்தோம். ஒவ்வொரு வருஷமும் மகளின் பிறந்தநாள் பாயசத்தில் ஒரு தூக்கு சிஸ்டர் வீட்டுக்குப் போகும். என் கணவரும் ஒவ்வொரு வருஷமும், "அன்னைக்கு நீ கூப்பிட்ட கூப்பாட்டுக்கு என் ஆயுசு எப்பவோ முடிஞ்சிருக்கணும்" என்று கேலி செய்வார். மகளுக்குப் பத்து வயது ஆன அன்று நானும் விடவில்லை. "என்னைத் தூங்காம வைக்கணும்னா சிஸ்டர் மெதுவாச் சொல்லச் சொன்னாப் போதாதா? சும்மா எதுக்கு அந்தக் கத்து கத்த வச்சாவ?" என்றேன்.

அவர் பாயச டம்ளரைக் கீழே வைத்தார்.

"சும்மா இல்ல. அன்னைக்கு சிஸ்டர் வெளிய வந்து எங்கிட்டச் சொன்னாவ. 'உங்க பேரு கேட்டுகினே இருக்கும். கேக்கறவரைக்கும் தைரியமா குந்திகினு இருங்க'ன்னுட்டு உள்ள போயிட்டாவ."

இத்தனை வருஷமாக இதை என்னிடம் சொன்னதில்லை.

"நடுவுல கொஞ்ச நேரம் கேக்கல" என்றார். "அப்புறம் கேட்டுச்சு."

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயசப் பாத்திரத்தைத் திறந்து வைத்து, அங்கிருந்தே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"இன்னொரு டம்ளர் வேணுமா?"

மகள் வாயைப் பிளந்துகொண்டு அப்பாவைப் பார்த்தாளாம்.

"கேக்குது, கேக்குது" என்றார் அவர்.