தனி எர்த்

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் வேறு யார்மேலும் பொறாமை கிடையாது. இருக்கிற மொத்தத்தையும் ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைத்திருந்தார். அது என் தங்கை புருஷன்.

இவர் பெரிய கட்டிடங்களுக்கு டெலிபோன், இன்டர்நெட் கம்பி இழுப்பவர். சகலை கரண்ட் வேலை பார்ப்பவர். சகலைக்குப் புது வேலை வந்தால், “எவனுக்காவது கூஜா தூக்கியிருப்பான்” என்பார். புதுச் சட்டை போட்டால், “மினுக்கி” என்பார். இந்த லட்சணத்தில், புதிதாக எழும்பிய ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துத் தொலைத்தது.

கட்டிடம் எவ்வளவு பெரிசானாலும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும் என்பது விதி. கரண்ட் ரூமில் சகலை பதித்த செப்புப் பட்டையில்தான் டெலிபோன் எர்த்தையும் கொண்டுபோய் இணைக்க வேண்டும். இது இவருக்குத் தெரியாதா? எனக்கே சொல்லிக்கொடுத்தவர் இவர்தான்.

“அவன் பட்டையில போய் நான் கட்டணுமா? எனக்குன்னு பூமி இல்லையா?” என்று கட்டிடத்துக்குப் பின்னால் தனியாக ஒரு கம்பியை அடித்து, தன் டெலிபோன், இன்டர்நெட் பெட்டிகளுக்கு அதிலிருந்து எர்த் கொடுத்துவிட்டார்.

“ஏங்க, உங்க வீம்பை மண்ணுக்குள்ளேயுமா கொண்டுபோவீங்க?”

“உன் வேலையைப் பாரு.”

ஆஸ்பத்திரி திறப்பதற்குள் மழை முந்திக்கொண்டது. பக்கத்தில் விழுந்த ஒரே இடி. இரண்டு எர்த்தும் சேராமல் கிடந்ததால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி தேடிய மின்சாரம் இவர் பெட்டிகளுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கருக்கிவிட்டது. சகலை பக்கம் ஒரு பல்புகூடப் போகவில்லை.

“இனிமே என் கட்டிடம் எதுலயும் உனக்கு வேலை கிடையாது” என்று கட்டிடம் கட்டுகிற முதலாளி கத்தியிருக்கிறார். அந்த ஆள் கைவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது.

சகலை குறுக்கே போய் நின்றாராம். “சார், தப்பு என்மேல. கரண்ட் ரூம் சாவி என்கிட்ட இருந்துச்சு. அண்ணன் கேட்டும் நான் திறந்து விடல.”

அண்ணன் கேட்கவே இல்லை. ஆனாலும் இவர் வேலை தப்பியது, சகலைக்கு வர இருந்த அடுத்த கட்டிடம் போனது.

வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்தார். “பார்த்தியா? பழியைக்கூட அவனே வாங்கிக்கிட்டான்!”

வழக்கம்போல் கிண்டல் செய்ய வாயெடுத்தேன், வரவில்லை. இந்நேரம் அந்த மனிதர் வீட்டுக்குப் போய், வேலை போன கதையைச் சொல்லியிருப்பார். எதிரே உட்கார்ந்து கேட்பவள் என் தங்கை.

எங்கள் வீட்டில் முதலில் எனக்குத்தான் மாப்பிள்ளை பார்த்தார்கள்; நல்லவர் வாய்த்தது அவளுக்கு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.