விரல் தட்டும் உள்ளங்கைத் தட்டும்

1. சேர்ந்த அன்றைக்கு

நெய்வேலி நகரியத்தில் நான் வேலை பார்க்கும் ரெக்கார்டிங் ஸ்டுடியோ, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை. சேர்ந்த முதல் நாளே ஓனர் பாபு அண்ணன் எனக்குச் சொன்னது இதுதான்:

"நம்ம பாட்டு எங்க ஓடப்போவுது தெரியுமா? ஷேர் ஆட்டோவுல, மினி பஸ்ஸுல, கோயில் திருவிழாவுல. முந்தின பாட்டு முடிஞ்சு நம்மது வரும்போது சத்தம் கொறைஞ்சா, பாட்டே மட்டம்னுடுவான். லிமிட்டர இறுக்கு. இறுக்கிகினே இரு."

இந்த வேலைக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். பாட்டில் உரக்க வரும் இடங்களை ஒரு மட்டத்துக்கு மேல் போகவிடாமல் அமுக்குவது லிமிட்டர். உச்சத்தை அமுக்கினால் மேலே இடம் கிடைக்கும். மொத்தப் பாட்டையும் தூக்கிவிடலாம். அளவோடு செய்தால் நல்ல கருவி. நாங்கள் அளவு பார்த்ததில்லை. எங்களிடமிருந்து போன பாட்டைத் திரையில் பார்த்தால் மேடு பள்ளமே இருக்காது, செங்கல் மாதிரி இருக்கும். அந்தச் செங்கல்லைப் பார்த்துத்தான் அண்ணன் ஓகே சொல்வார்.

அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். சொன்னதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்கிற படபடப்பு எனக்கு எப்போதும் உண்டு. இறுக்கினேன்.

2. கலைச்செல்வி அக்கா

காடாம்புலியூர் பக்கத்திலிருந்து ஓர் ஆட்டோ நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். கும்மிப்பாட்டு பதிய வேண்டுமாம். பாடுகிறவர் கலைச்செல்வி அக்கா.

"ஆடித் திருவிழாவுல வருஷா வருஷம் நான்தான் தம்பி பாடுறேன். மைக்கப் புடிச்சிகினு ஓரமா நின்னா கைய எங்க தட்டுறது? வட்டத்துல ஒரு தரம்கூட நான் சுத்துனதில்ல. பதிஞ்சி குடுத்துட்டா நானும் சுத்துவேன் இல்ல?"

கூட வந்த ராணி அக்கா குறுக்கே புகுந்தார். "ரெக்கார்ட நம்பியாடி ஆடுறதுன்னு ஊர்ல பாதிப் பேரு மொணகிகினு இருக்காளுவ. ஒத்திகையில சரியா வந்தாதான் ஒத்துக்குவாளுவ. இல்லன்னா இவ மறுபடி மைக்குதான்."

பாட்டின் அமைப்பு எளிது. கலைச்செல்வி அக்கா தனியாகப் பாடும்போது மற்றவர்கள் விரல்நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து நடப்பார்கள். எல்லோரும் சேர்ந்து பாடும்போது உள்ளங்கையால் ஓங்கித் தட்டிக் குனிந்து திரும்புவார்கள். பாட்டையும் தட்டுகளையும் சேர்த்தே பதிந்தோம், நன்றாக வந்தது. வழக்கம்போல இறுக்கிக் கொடுத்தேன்.

"இடி மாதிரி இருக்குடா" என்றார் அண்ணன்.

3. ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் திடலுக்கு நானும் போனேன். பாட்டு ஓடியது. இரண்டாவது சுற்றிலேயே வட்டம் குலைந்துவிட்டது. ஒருத்தி குனிய, பின்னால் வந்தவள் அவள்மேல் மோதினாள்.

"யாருடி உன்ன குனியச் சொன்னது?"

"பாட்டுதான் சொல்லுது!"

"அது மொதல்லேர்ந்து சொல்லிகினேதான் இருக்குது. எப்பதான் நிமிருறது, இடுப்பு போச்சு!"

சிரித்து ஓய்ந்ததும் வயதில் மூத்த ஒரு அம்மா, "நான் அப்பவே சொன்னேன். கலைச்செல்வி, நீ மைக்க எடும்மா" என்றார்.

கலைச்செல்வி அக்கா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து கேட்டார்: "தம்பி, விரல் தட்டு எங்க போச்சு?"

போகவில்லை. இருக்கிறது. உள்ளங்கைத் தட்டுக்குச் சமமாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. தனிக்குரலும் கூட்டக்குரலும் ஒரே உயரம். ஆடுகிற கால்களுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

"மாத்திக் கொண்டாரேன், இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டுப் பாருங்கக்கா. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4. அண்ணனும் நானும்

"சன்னமா குடுத்தா நம்ம பேருதான் கெடும்" என்றார் அண்ணன்.

லிமிட்டரைத் தளர்த்திப் புதிதாக ஒன்று செய்து, இரண்டையும் போட்டுக் காட்டினேன். அண்ணன் பழையதைத்தான் கைகாட்டினார். சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதும் முதலில் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும். அடுத்து, பழையதன் வால்யூமைக் குறைத்து, காதுக்கு இரண்டும் சமமாக வரும்படி வைத்து, எது எதுவென்று சொல்லாமல் போட்டேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "ரெண்டாவது. கூட்டம் சேர்ற எடத்துல என்னமா எழும்புது!"

"அதுதாண்ணே தளர்த்தினது."

திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சரி, திடல்ல சத்தத்துக்கு என்னா பண்ணுவ?"

"ஆம்ப்ளிஃபயர்ல வால்யூம் இருக்குதேண்ணே."

"நல்லாத்தான் பேசற. மைக்செட்டுக்காரன்கிட்ட நீயே போய்ப் பேசு."

மறு ஒத்திகையில் யாரும் யார்மேலும் மோதவில்லை. அந்த மூத்த அம்மா மட்டும், "திருவிழா அன்னைக்குப் பாக்கலாம்" என்றார்.

5. திருவிழா

"என்னா தம்பி, பாட்டு பம்முது?" மைக்செட் சேகர் அண்ணனின் கை வால்யூம் திருகு மேலேயே இருந்தது.

"இப்பவே ஏத்தி வெச்சிடுங்கண்ணே. தனிக்குரல் வர்ற எடத்துல மட்டும் கை வெக்காதீங்க."

திருகை ஏற்றிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். தனிக்குரல் வந்தது. கூழ் வரிசையில் நின்றவர்கள் என்ன பாட்டு என்று பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள். விரல்கள் மெல்லத் தட்டின. பிறகு மொத்தக் கூட்டமும் சேர்ந்த இடத்தில் உள்ளங்கைகள் விழுந்தன. வட்டம் ஒன்றாகக் குனிந்து ஒன்றாகத் திரும்பியது. அதற்குள் கலைச்செல்வி அக்கா. பழக்கதோஷத்தில் வாய் பாடிக்கொண்டே போக, கை ஒரு தட்டு தவறியது.

"பாடாதடி, அதான் அங்க நீயே பாடிகினு இருக்கியே! தட்டு!" என்று கத்தினார் ராணி அக்கா.

இப்போது எந்தப் பாட்டு வந்தாலும், இதில் எந்த இடம் சன்னமாக இருக்க வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் லிமிட்டரைத் தொடுகிறேன். சத்தம் போதாவிட்டால் கேட்கிறவர் கூட்டிக்கொள்வார். நாம் தட்டையாக்கிய மேடு பள்ளத்தை அவரால் திரும்பக் கொண்டுவர முடியாது. அண்ணன் ஆட்டோ பாட்டுகளுக்கு இன்னமும் இறுக்கத்தான் சொல்கிறார். ஆனால் பழைய அளவுக்கு இல்லை; சமமாக வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்.

அன்றைக்குக் கும்மி முடிந்து, வியர்வையைத் துடைத்தபடி கலைச்செல்வி அக்கா நேரே என்னிடம்தான் வந்தார்.

"அடுத்த வருஷத்துக்கு வேற பாட்டு வெச்சிருக்கேன் தம்பி. அதுல நான் தனியாப் பாடுற எடம் இன்னும் சன்னமா இருக்கணும். வட்டத்துக்குள்ள நின்னு கேட்டாதான் அது தெரியுது."