சமமாக முடிய வேண்டிய ஆட்டம்

ரப்பர் விலை சரிந்த வருஷம் அது. மலாயாவில், ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வாராவாரம் பெயர் வாசித்து, ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். தோட்டங்களுக்கிடையே நடந்த பந்தாட்டப் போட்டி முடியும்வரை ஆட்டக்காரர்களை மட்டும் அனுப்புவதில்லை என்று எங்கள் துரையும் பக்கத்துத் தோட்டத்துத் துரையும் சொல்லியிருந்தார்கள். நான் கோல் காத்தேன். என் மனைவிக்கு ஏழாம் மாதம். அந்த வயிற்றோடு அவளைக் கப்பலேற்ற எனக்கு மனசில்லை.

கடைசி ஆட்டம் பக்கத்துத் தோட்டத்தோடு. சமமாக முடிந்தால் அடுத்த வாரம் மறுபடி ஆடவேண்டும். நாங்கள் ஒரு கோல் முந்தியிருந்தோம். எங்கள் ஆட்கள் குதித்தார்கள். முட்டாள்கள்! ஜெயித்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது என்று ஒருவனுக்கும் உறைக்கவில்லை. முடியப்போகும் நேரத்தில் ஒரு பந்து மெல்ல உருண்டு வந்தது. நான் வேண்டுமென்றே தாமதமாக விழுந்தேன். ஆட்டம் சமமானது.

"கண்ணு தெரியலையாடா?" என்று கங்காணி கத்தினார். துரை என்னையே பார்த்தார். அந்த வாரம் முழுக்கப் பால் வெட்டும்போது கத்தி ஆழமாக இறங்கி, மரமெல்லாம் காயம்.

மறு ஆட்டத்தில் அவர்கள் முந்தினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. கடைசியில் எங்கள் ஆள் வேகமில்லாமல் ஒரு பந்தை உதைத்தான். எதிர்க் கோலில் நின்றவன் குனிந்தான். பந்து அவன் கால்களுக்கிடையே போனது.

கை கொடுக்கும்போது அவன் என் கையை விடவில்லை. என் காதருகே கேட்டான்:

"அடுத்த வாரம் பந்தை யாருண்ணே விடுறது?"