இராசாங்கம் பூட்டிய இடப்பக்கச் செயின்

மலையைக் கரைத்து மண்ணாக்கி, மண்ணைக் குழைத்து உடலாக்கி, உடலைச் சுட்டு நீறாக்கி, அந்த நீற்றையே எங்கள் நெற்றிக்குத் தரும் பெருமானே, நின் திருவடியை முன்வைத்துத் தொடங்குகிறேன். சொல்லி முடிக்கும் வலிமையையும் நீயே தர வேண்டும்.

காலைப் பூசைக்காகக் கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோது என் தங்கை பாண்டியம்மாள் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, அவுக டோசருக்குப் பக்கத்துல சாஞ்சு கெடக்காக. கையில ஸ்பேனர் அப்படியே இருக்கு. கூப்பிட்டா பேச மாட்டேங்குறாக." நான் ஓடைப்பட்டி போய்ச் சேர்வதற்குள் மருத்துவர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவள் கணவர், என் மைத்துனர் இராசாங்கம் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் இன்று திராட்சைப் பந்தல் நிற்கும் மேட்டு நிலங்கள் பலவற்றைச் சமப்படுத்தியவர் அவர். எஸ்டேட் ஒன்று கழித்துவிட்ட பழைய புல்டோசரை மலையிலிருந்து இறக்கி வந்து, அதை வைத்தே குடும்பத்தை நடத்தினார். அதன் பழுதுகளைத் தாமே பார்ப்பார். உண்பதற்கு முன்னும் வண்டியைத் தொடுவதற்கு முன்னும் திருநீறு அணிவார்.

அந்தப் பக்திதான் சென்ற ஆண்டு அவரைச் சோதித்தது. ஆயுத பூசைக்கு டோசரைக் கழுவிச் சந்தனம் இட்டார். இருபுறமும் சக்கரங்களைச் சுற்றி ஓடும் அதன் இரும்புச் செயின் மேற்பக்கத்தில் சற்றுத் தொங்கியது அவர் கண்ணை உறுத்தியது. "சாமி முன்னாடி இப்படித் தொளதொளன்னா நிப்பாட்டுறது?" என்று செயினை இறுக்கும் குழாய்க்குள் கிரீஸ் ஏற்றினார். முன்சக்கரம் தள்ளிக்கொடுக்க, இரு செயின்களும் விறைத்து நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தன.

அந்தக் கோலத்திலேயே மறுநாள் ஓடைக்குள் இறங்கினார். தூர்வாருவதற்காக ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் குவித்தார். சேறு செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையில் புகுந்து அடைத்தது. ஏற்கெனவே விறைத்திருந்த செயினுக்கு நெகிழ இடமில்லை. வலப்பக்கச் செயின் அறுந்தது. மேகமலைப் பக்கம் கறுத்திருந்தது. குவித்த மண் அப்படியே கிடந்தால் வெள்ளம் ஓடையை விட்டுத் திரும்பி, கரையோரம் இருந்த பழம்பறிக்கும் கூலிக்காரர்களின் தெருவுக்குள் நுழையும். வேறு இயந்திரம் வர மறுநாள் ஆகும் என்றார்கள். ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள், மண்மேடு அசையவில்லை.

கரையில் நின்ற தோட்டக்காரர் ஒருவர் கேட்டார். "என்ன ராசாங்கம், சாமி கும்பிட்டு வண்டிய ஓடைக்குள்ளயே உக்கார வச்சிட்டீக?"

"ஆமாண்ணே. அதுக்கு இங்கனதேன் காத்து நல்லா வருதாம்" என்றார் என் மைத்துனர். சிரித்தது வாய் மட்டுந்தான். கண்கள் மேகமலைப் பக்கமே இருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் கண்டேன்.

ஏற்றிய கிரீஸை வெளியே திறந்துவிட்டு முன்சக்கரத்தைப் பின்னிழுத்தார். சேற்றில் புதைந்த செயினைக் கடப்பாரையால் நெம்பிப் பற்சக்கரத்தின்மேல் ஏற்றினார். அறுந்த இரு முனைகளையும் கப்பி வைத்து இழுத்து நெருக்க, பாண்டியம்மாள் கண்ணிகளைக் கோக்கும் பழைய பின் ஆணி ஒன்றைத் துளைக்கு நேரே பிடித்தாள். அவர் சம்மட்டியால் அடித்தார். மழை தொடங்கியது. பின் ஆணி பாதி போய் நின்றுவிட்டது. நான் ஐந்தெழுத்தை உரக்கச் சொன்னேன். "மச்சான், சாமி பேரச் சொல்லிக்கிட்டே அந்தக் கடப்பாரையையும் புடிங்க" என்றார். பிடித்தேன். பின் ஆணி உள்ளே இறங்கியது.

"மேட்டுல ஏத்திருங்க, வண்டியாவது தப்பிக்கும்" என்று தங்கை கதறினாள்.

"வண்டி தப்பிச்சுரும் ஆத்தா. தெருவு?"

அவர் மண்மேட்டை நோக்கித் திருப்பினார். தள்ளத் தள்ள அந்தப் பின் முனகியது எங்களுக்குக் கேட்டது. மண் விலகி ஓடை வாய் திறந்தபோது செயின் மறுபடியும் கழன்று விழுந்தது. அவர் குதித்துக் கரையேறினார். செந்நீர் இருக்கை வரை ஏறி வண்டியை மூழ்கடித்து, ஓடையோடே போயிற்று. தெருவில் அடுப்புகள் நனையவில்லை.

பிறகு வண்டியை வீட்டுக் கொல்லைக்கு இழுத்து வந்தார்கள். செயினைத் தாங்கும் ரோலர்களுக்குள் மணல் புகுந்திருந்தது. தேனியிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் எடைக்குப் போடச் சொன்னார். இவர் மறுத்துவிட்டார். ஓராண்டு காலம் தனியே அதனோடு மல்லாடினார். செயினின் ஒவ்வொரு கண்ணியையும் ஜாக்கியால் பிரித்து, பின் ஆணிகளைச் சுற்றித் தேய்ந்திருந்த புஷ் வளையங்களைத் திருப்பிப் போட்டார். "ஒரு பக்கம் தேஞ்சா மறுபக்கம் இருக்குல்ல மச்சான்" என்பார். நெஞ்சு வலி வந்தது. பாரம் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். டோசர் ஓடாத வீட்டில் வேறு வழி என்ன இருந்தது? அவரைத் தடுத்து நிறுத்தவும் முடியவில்லை, கைகொடுக்க என் முதுமையும் இடம்தரவில்லை. காப்பாற்று என்று மட்டும் நாள்தோறும் இறைவனிடம் மன்றாடினேன்.

இவ்வாண்டு ஆயுத பூசைக்குள் இடப்பக்கத்தைப் பூட்டி முடித்திருந்தார். சந்தனமிட்டு விளக்கேற்றியபோது, செயின் தொங்குவதைக் கண்ட உறவினர் ஒருவர், "என்ன மாப்ள, சாமி முன்னாடி தளர்ந்து நிக்குது?" என்றார். மைத்துனர் அந்த வளைவைக் கையால் தடவிக்கொடுத்தார். "இறுக்கிக் கட்டுனா நம்ம கண்ணுக்குத்தேன் அழகு. நடக்கணும்னா அதுக்குக் கொஞ்சம் எடம் வேணும்." பிறகு சொன்னார்: "சாமிக்கு இது தெரியும். எனக்குத்தேன் தெரியல."

தகனம் முடித்துத் திரும்பியதும் கொல்லைக்குப் போனேன். வலப்பக்கச் செயின் பூட்டப்படாமல் மண்ணில் நீண்டு கிடந்தது. அதன் முனையில் அடிக்க வேண்டிய பின் ஆணி, அவர் எண்ணெய் தடவி வைத்தபடியே காத்திருந்தது. பாண்டியம்மாள் அதன் அருகில் அமர்ந்திருந்தாள். "இந்த இரும்பு அவுகளத் தின்னுருச்சுண்ணே. ஆனா எடைக்கு மட்டும் போடச் சொல்லாதீக" என்றாள். வாழ்நாளெல்லாம் ஓதிய பதிகத்தைத் தொடங்கினேன். பாதியில் நா எழவில்லை. எதிரே இடப்பக்கச் செயின், நடப்பதற்கு வேண்டிய அளவு மட்டும் தளர்ந்து, அவர் கை விட்ட வளைவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள், மைத்துனரே. பதிகத்தின் மறுபாதியை நீங்கள் அவன் சந்நிதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை வாசிக்கும் உங்களுக்கும் உங்கள் இல்லத்தாருக்கும், தொட்ட வேலையை முடிக்கும் ஆயுளையும், மறுமுனையைப் பிடிக்க ஒரு கையையும் அப்பெருமான் அருள்க. உங்கள் வாசலுக்கு வரும் வெள்ளமெல்லாம் ஓடையோடு போகட்டும்.